முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

மார்ச் 3, செவ்வாய்

என் கணினியை மாப்பிள்ளை அழித்துவிட்டார். இதை வேறு எப்படியும் எழுத முடியாது. நான் கண் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக நிரப்பி வைத்திருக்கிறார். மெதுவாக ஓடுகிறதே, அத்தை சந்தோஷப்படுவார் என்று நினைத்தாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொருளடைவுக் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. நான் தட்டெழுதும் மென்பொருள், எடிட்டர், அதுவும் இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பு மட்டும் இல்லை. எந்த விசையைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று பதினெட்டு வருடமாக நானே எழுதிச் சேர்த்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வரி.

"எல்லா ஃபைலையும் காப்பி எடுத்துட்டுத்தான் அழிச்சேன் அத்தை."

"பேரு புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல் எங்க மாப்பிள்ளை?"

"அப்படி எதுவும் கண்ணுல படலையே."

படாது. அப்படிப் பெயர் வைத்தால் கணினி அதை மறைத்துத்தான் வைக்கும். கணினி எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லிக்கொள்கிறவருக்கு இது தெரியவில்லை.

மார்ச் 4

உட்கார்ந்து பார்த்தேன். திரை முழுக்க எழுத்து மட்டும். பட்டன் இல்லை, மெனு இல்லை. எல்லாம் விசையில்தான், அதுவும் இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்த வேண்டும். வாதம் வந்து என் இடது கை மடியில் கிடந்து ஆறு வருடம் ஆகிறது. ஒற்றைக் கைக்கென்றே எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தேன். வலது மூலை விசையை ஒரு தட்டு — சொல் அகர வரிசையில் தன் இடத்தில் போய் உட்காரும். கமாவை இரண்டு தட்டு — பக்க எண் சேரும்.

இன்று ஒரு மணி நேரத்தில் நான்கு சொல். ஒருமுறை அரைப் பக்கம் காணாமல் போயிற்று.

தொள்ளாயிரம் பக்கச் சட்ட நூல். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலை, அதாவது பொருளடைவை, இருபதாம் தேதிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். 'ந'வில் நிற்கிறேன்.

மார்ச் 5

பிரதி ஏன் எடுத்து வைக்கவில்லை? என் கணினியை எவன் தொடப்போகிறான் என்ற திமிர். வேறென்ன.

மார்ச் 9

மகள் கணினிக் கடையில் விசாரித்துவிட்டு வந்தாள். பழையதன் மேல் புதியதை எழுதியாயிற்றாம். மீட்க வழியில்லையாம். வேறு எடிட்டர் போட்டுத் தருகிறாளாம், எல்லோரும் வைத்திருக்கிறார்களாம், மவுஸ் போதுமாம்.

"காலை வெட்டிட்டு ஊன்றுகோல் வாங்கித் தர்றியாடி?" என்று கேட்டேன். அழுதாள். கேட்டது கேட்டதுதான். நான் யாரிடமும் போய்க் கற்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடிட்டரின் ஆங்கிலக் கையேட்டைப் படித்துப் பழகியவள்.

மார்ச் 12

நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ஒன்பது வரி வந்தது. அதிலும் நான்கை எடிட்டர் ஏற்கவில்லை.

விரல் மட்டும் பழைய இடத்துக்குத் தானாகப் போகிறது. தட்டுகிறது. ஒன்றும் நடப்பதில்லை. எதற்காகப் போனது என்று யோசித்தால் எனக்கே தெரியவில்லை. அப்படியானால் இத்தனை வருடம் என் புத்தி எங்கே இருந்தது — தலையிலா, அந்தக் கோப்பிலா? பயமா இருக்கு. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?

மார்ச் 16

விஷயம் காதுக்கு எட்டி அச்சக மேலாளர் போன் செய்தார். மீதியை அவர்களுடைய பிழைதிருத்துபவரே முடித்துவிடுவாராம். "நீங்க ஓய்வெடுங்கம்மா" என்றார். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள் தாமதித்ததில்லை. ஓய்வாம்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார், கையில் ஒரு நோட்டோடு.

"நீங்க விரலை வெச்சுட்டு, அங்க என்ன நடக்கும்னு வாயால சொல்லுங்க அத்தை. நான் எழுதிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒண்ணு கிடைச்சாலும் போதும்."

அழிக்கத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியுமா? நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உட்காரச் சொல்லவும் இல்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மார்ச் 18

செய்ய வேண்டியவை.

மகள்: 'ந' வரை உள்ள கோப்பை நாளைக்கே அச்சகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அச்சக மேலாளர்: பொருளடைவுக்கு என் பெயரைப் போடக் கூடாது. பாதி வேலைக்குப் பெயர் எதற்கு?

பிழைதிருத்துபவர்: 'காண்க' என்று வேறு சொல்லுக்கு நான் வழிகாட்டியிருக்கும் இடங்களில் கை வைக்கக் கூடாது.

மாப்பிள்ளை: தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த நோட்டோடு வர வேண்டும். நாற்காலியை அவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது.

நான்: விரல் போகும்போது குறுக்கே யோசிக்காமல் இருக்க வேண்டும்.