பச்சைக்கரை நூல்

கையில் தழை வாசம் மாறாமலே போய்விட்ட என் அண்ணனுக்கு,

ஓடைக்கரைக் கல்யாணமுருங்கையில் நீ நூல் கட்டிய இலைகள் எல்லாம் நீ இருக்கும்போதே உதிர்ந்துவிட்டன. நூலோடு கிடந்த சருகுகளைப் பொறுக்கி உன் கட்டிலுக்குக் கொண்டுவந்து காட்டினேன். காய்ச்சல் குளிரில் பல் அடித்துக்கொள்ள, "காயா எப்படி இருக்கு?" என்று கேட்டாய். பாறைமேட்டுக் காயா மரத்தில் நீ நூல் கட்டிய இலைகள் அப்படியேதான் இருக்கின்றன என்றேன். சிரித்தாய்.

திருச்சிக் கல்லூரியிலிருந்து நீ வந்த விடுமுறையில், உன் பழைய வேட்டியின் பச்சைக்கரையை உருவி இலைக்காம்புகளில் கட்டினோமே, நினைவிருக்கிறதா? நம் மலையில், இந்த வாழவந்தி நாட்டில் எவருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு மட்டும் சொன்னாய். ஓடையோரத்து மரத்துக்குத் தண்ணீருக்கும் சத்துக்கும் குறைவில்லை. மெல்லிய இலையைச் சட்டென்று விரிக்கும், வெயிலை வாரிக் குடிக்கும், சீக்கிரம் உதறிவிடும். பாறைமேட்டுக் காயாவுக்கு அப்படிச் செலவழிக்க முடியாது. தோல் போலத் தடித்த இலையை மெல்ல மெல்லச் செய்யும். பாடுபட்டுச் செய்ததை எளிதில் விடாது. அம்மா அந்தக் கம்பளியை ஒட்டுப்போட்டே காலம் தள்ளுகிறாளே, அது மாதிரி என்றாய். ஓர் இலையை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று கேட்டேன். "பார்க்கணும், அதுக்குத்தான் இந்த நூலு" என்றாய். பார்க்க நீ இல்லை.

உலக யுத்தம் இன்னும் ஓயவில்லை. ரங்கூன் அரிசி நின்ற பிறகு சேந்தமங்கலம் சந்தையில் அரிசியைக் கண்ணால் காண முடிவதில்லை. பாறைமேட்டை வெட்டித் தீ வைத்துச் சாமை விதைப்பதென்று அப்பா முடிவு செய்தார். அந்த மண் ஒன்றும் தராது, அதனால்தான் அங்கே மரங்கள் அப்படி இலை செய்கின்றன என்று சொல்லிப் பார்த்தேன்.

"வருசம் பூராப் பச்சையா நிக்குது, மண்ணு சரியில்லைங்கறயே! போ கண்ணு" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பசியோடு பார்க்கிறவருக்குப் பச்சை என்றால் விளைச்சல்தானே?

காயாவைக் காப்பாற்றியது நான் இல்லை. நான் தினமும் போய் உன் நூல்களைத் தொட்டுப் பார்ப்பதைப் பக்கத்துக் காட்டுப் பாப்பாயி அக்கா கவனித்திருக்கிறாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, தன் மகளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தபோது அவளும் கிளையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் கட்டினார்கள். அப்பா அரிவாளோடு போன காலையில் அவள்தான் குறுக்கே நின்றாள்.

"ஏனுங்க மாமா, சாமி மரத்துலயா கத்தி வெக்கறீங்க?"

"இதெப்பப் புள்ள சாமி மரமாச்சு?"

"உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் சாமி வருமாக்கும்!"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். 

காற்றும் புழுவும் கொண்டுபோனது போக, உன் நூல் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. தாழ்ந்த கிளையில், கரும்பச்சை இலை ஒன்றின் காம்பில். நீ தொட்டவற்றில் இன்னும் உயிரோடு இருந்தது அது மட்டும்தான், அண்ணா.

போன வாரம் பாப்பாயி அக்காவின் மகள் எழுந்து நடந்தாள். வேண்டுதல் பலித்தால் ஒரு நூலை அவிழ்க்க வேண்டும். தான் கட்டியதுதான் என்றில்லை, மரத்தில் இருக்கிற எதுவானாலும் சரி. அக்கா ஓடிவந்து என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். வெளுத்துப்போன பச்சைக்கரை நூல்.

"இதுதான் அம்மிணி எல்லாத்துலயும் பழசு. ரொம்ப நாளாச் சாமி காதுல விழுந்துக்கிட்டே கெடந்த நூலு. அதான் இதையே அவுத்தேன். நீ வெச்சுக்க, உனக்கும் நல்லது நடக்கும்."

அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம். "நல்லதுங்க அக்கா" என்றேன். அந்தப் பிள்ளை பிழைத்ததற்கு மகிழாமல் இருக்க முடியுமா? ஆனால் அதே காய்ச்சல்தானே உனக்கும்?

மாலையில் போய்ப் பார்த்தேன். அந்தக் கிளையில் எல்லா இலைகளும் ஒன்றுபோலத் தடித்து, ஒன்றுபோலப் பளபளத்தன. காம்பு காம்பாக நூல் தடம் தேடினேன். கிடைக்கவில்லை. நீ விட்டுப்போன கேள்விக்கு இனி யார் விடை சொல்வது?

எது உன்னுடையது என்று தெரியாததால், அந்தக் கிளையிலிருந்து எது விழுந்தாலும் எடுத்து வைப்பேன். பழைய இலை ஒன்றாவது அங்கே நிற்கும்வரை, நீ தொட்டது இன்னும் உதிரவில்லை என்றே இருப்பேன். கடைசி இலையும் விழும் நாளில், உன்னைப் புதைத்த இடத்துக்கு வந்து சொல்கிறேன். அதுவரை கேட்காதே.

உன் நூலை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும்
உன் தங்கை