தொண்ணூற்றெட்டுப் பொருத்தம்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். திண்டிவனத்தில் ரயில் ஏறும்போதே துப்பட்டா நனைந்தது. விழுப்புரம் ஆபீஸ் ஏ.சி.யில் மதியம்வரை காயவில்லை.

புது வேலை: திண்டிவனத்தில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் செயலி. ரிசல்ட்டை இனி போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். டிசைனர் பாஸ்கர் பதினோரு ஸ்க்ரீன் வரைந்து கொடுத்திருக்கிறான். படத்தை ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் கொடுத்தால் செயலிக்கான புரோகிராம் கோடை அதுவே எழுதும். நான் பக்கத்தில் உட்கார்ந்து "அனுமதி" பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தது இதற்குத்தான்.

ஏஜென்ட் எதற்கும் சளைக்காமல் ஒத்துக்கொள்ளும். தப்பு என்றாலும் "நீங்கள் சொல்வது சரி". சரி என்றாலும் அதேதான். அண்ணிக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்திருந்தால் வீட்டில் சண்டையே இருக்காது.

முதலாளி சாரின் விதி: பாஸ்கரின் படத்தையும் ஏஜென்ட் செய்த ஸ்க்ரீனையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கம்ப்யூட்டரே மதிப்பெண் போடும். ஆபீஸில் அதற்குப் பெயர் பொருத்தம். 98க்குக் கீழே என்றால் வெளியே போகாது. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்ப்பதில்லை.

வாங்க: குடை, அண்ணி மகளுக்கு கிராஃப் நோட்டு, தலைவலி மாத்திரை.

நவ. 4, செவ்வாய்

பத்து ஸ்க்ரீன் முடிந்தது. பதினோராவது, ரிசல்ட் காட்டும் ஸ்க்ரீன், 91லேயே நிற்கிறது. ஏன் என்று பார்க்கப் பொறுமை இல்லை. என் முதுகுக்குப் பின்னால் சார் நிற்கிறார்.

"இன்னாம்மா, இன்னும் முடியலியா? ஜல்தியா முடி. நாளைக்கிக் குடுத்தாவணும்."

"98 வரும்வரை நிறுத்தாதே" என்று ஏஜென்ட்டுக்கு அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். எலுமிச்சை சாதம், அப்பளம் நமத்துப்போய். திரும்பி வந்தால் 99.4. மனசு குளிர்ந்துவிட்டது. கோடு ஆயிரத்து நானூறு வரி. மேலிருந்து கீழே ஒரே தள்ளு. "மனிதர் சரிபார்த்தது" என்ற கட்டத்தில் என் பெயரைச் சுருக்கி க.சு. என்று போட்டேன்.

சார் ஸ்டாம்ப் எடுக்க பீரோவைத் திறந்தார். மூன்றாவது தட்டில் என் நீலக் கவர் தெரிந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, எல்லாம் ஒரிஜினல். மூன்று வருட பாண்டு முடிந்தால்தான் கைக்கு வரும். இன்னும் ஒரு வருடம் நாலு மாதம். மூடிவிட்டார்.

நவ. 6, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

காலை ரயிலில் செல்வி அக்கா. விழுப்புரத்தில் ஜவுளிக்கடையில் வேலை. எட்டு மாதமாகப் பக்கத்துப் பக்கத்து சீட்டு. அந்தச் செயலி நான் செய்தது என்று முந்தாநாள் பெருமை அடித்திருந்தேன். நேற்று செயலி வெளியானதுமே போய் ரத்தம் கொடுத்திருக்கிறாள். போனை நீட்டினாள்.

"பாரு, நீ பண்ணதுதான? பச்சையா வந்துடிச்சி. மூணு மாசமா வாயக் கட்டிக்கினு இருந்தது வீண் போவல. மாத்திரைய நிறுத்திட்டேன்."

பச்சைப் பெட்டியில்: இயல்பு, கவலை வேண்டாம். அதற்கு மேலே சர்க்கரை அளவு: 318.

விக்கிரவாண்டி தாண்டும்வரை அந்த 318ஐயே திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம், "டாக்டரக் கேட்டீங்களாக்கா?" என்றேன்.

"அவரு எதுக்கு? இதுலயே போட்டுக்கீதே."

ஆபீஸ் போனதும் புரோகிராமைத் திறந்தேன். ஒரே வரிதான். பாஸ்கரின் படத்தில் சும்மா மாதிரிக்கு ஒரு நல்ல ரிசல்ட், கீழே பச்சைப் பெட்டி. நாங்கள் சோதிக்க வைத்திருந்த கற்பனை நோயாளியின் கணக்கில் சர்க்கரை அதிகம், அதனால் சிவப்புப் பெட்டி வந்தது. சரியாகத்தான் வந்தது. படத்தோடு ஒத்துப்போகாததால் பொருத்தம் 91. நான் நிறுத்தாதே என்றேன். ஏஜென்ட் பெட்டியை யார் வந்தாலும் பச்சை என்று ஆணி அடித்துவிட்டது. தன் அறிக்கையில் பதினேழாவது வரியில் அதைச் சொல்லியும் இருக்கிறது. நான் படிக்கவில்லை. இது தப்பில்லையா என்று அதையே கேட்டேன். "நீங்கள் சொல்வது சரி" என்றது.

சாரிடம் சொன்னேன்.

"எத்தினி பேரு பாத்துக்கீறாங்க?"

"நாப்பத்தோரு பேரு சார்."

"சரி பண்ணிடு. யார்கிட்டயும் மூச்சு விடாத. அவங்குளுக்கு இன்னும் நாலு பிராஞ்ச் கீது, எல்லாம் நமக்கு வர வேண்டியது."

"பாத்தவங்க மறுபடி தொறந்து பாக்க மாட்டாங்க சார். லேபுக்குச் சொல்லிட்டா அவங்களே போன் பண்ணிடுவாங்க."

"கையெழுத்து யாருது?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

சரி செய்ய ஆறு நிமிடம். பொருத்தம் மறுபடி 91. அதை மட்டும் அப்படியே விடச் சொன்னார்.

நவ. 7, வெள்ளி

ரயிலில் போகவில்லை. பஸ். டோல்கேட்டில் அரைமணி நேரம் லாரிகளுக்கு நடுவே. செல்வி அக்கா முகத்தைப் பார்க்கப் பயந்து பஸ்ஸில் போனேன் என்று இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

சாம்பார் சாதம். பாதி குப்பைக்கு.

நவ. 10, திங்கள்

நல்ல மழை, பஸ் இல்லை, ரயில்தான். அக்கா எனக்குப் பையைப் போட்டு இடம் பிடித்திருந்தாள்.

"வெள்ளிக்கெழம எங்க போய்ட்ட? சீட்டு புடிச்சிக்கினு மயிலம் வரிக்கும் ஒருத்தரயும் உக்கார வுடல."

மல்லாட்டை உருண்டை, வெல்லம் போட்ட வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தாள். எனக்கு இரண்டு, அவள் மூன்று. அவள் வலது காலில் செருப்பு கடித்த புண், பத்து நாளாக ஆறவில்லையாம். துணி சுற்றியிருந்தது.

"எதுக்கும் இன்னொரு டெஸ்ட் எடுத்துடுங்கக்கா" என்றேன்.

"உன் வேல மேல உனுக்கே நம்பிக்க இல்லியா?" என்று சிரித்தாள். தொடையில் ஒரு தட்டு.

நான் ஒரு கோழை.

நவ. 11, செவ்வாய்

அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். "இன்னா, பேயடிச்ச மாரி கீற?" சொன்னேன், முழுசாக.

தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "முதல்ல சர்டிபிகேட்ட வாங்கிக்கோ. அப்புறம் யார்கிட்ட வேணா சொல்லு. இல்லாங்காட்டி உன்ன எவன் வேலைக்கி எடுப்பான்?"

நியாயம்தான். வாங்க ஒரு வருடம் நாலு மாதம் ஆகும். அந்தப் புண் அதுவரை காத்திருக்குமா?

ராத்திரிக்கு வெறும் மோர்.

நவ. 12, புதன்

லீவு சொன்னேன். பரிசோதனை நிலையத்துக்கு நடந்தே போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பினேன். கவுண்டரில் இருந்த பெண் டோக்கன் கொடுக்க வந்தாள். டெஸ்டுக்கு வரவில்லை, நிலையத்தை நடத்தும் மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். திட்டவில்லை. "எழுதிக் குடும்மா" என்றார். எழுதினேன். இம்முறை க.சு. இல்லை, முழுப் பெயர். உடனே இரண்டு பேரை உட்காரவைத்துப் பட்டியலில் மேலிருந்து போன் போட ஆரம்பித்தார்கள். "வணக்கங்க, லேபுலேந்து பேசறோம். மாத்திரைய நிறுத்திட்டீங்களா?" செல்வி அக்கா ஒன்பதாவது. எட்டாவது பெயர் வந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

மதியம் சார் போன், லேபிலிருந்து அவருக்குப் பேசியிருக்கிறார்கள். வேலை போயிற்று என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நீ எங்கயும் போவ வேணாம். பாண்டு முடியிற வரிக்கும் இங்கதான் உக்காரணும். இனிமே அது எழுதற ஒவ்வொரு வரியும் நீ படிச்சிக் கையெழுத்துப் போடற. உன் பேப்பர் பீரோலயே பத்திரமா இருக்கட்டும்."

சரிங்க சார் என்றேன்.

நவ. 13, வியாழன்

வெயில். செல்வி அக்கா அதே இடத்தில். பக்கத்தில் பை இல்லை. உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் அக்காவே ஆரம்பித்தாள்.

"லேபுலேந்து போன் பண்ணாங்க. மாத்திர மறுபடி போட்டுக்கினேன். காலக் காட்ட இன்னிக்கி சாய்ந்தரம் டாக்டர்கிட்ட போறேன்."

"நல்லதுக்கா."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க போனக் காட்டின அன்னிக்கேக்கா" என்றேன்.

குனிந்து காலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினாள்.

"அப்ப தெரிஞ்சிக்கினேதான் எம் பக்கத்துல உக்காந்துக்கினு வந்த."

ஆமாம் என்றேன்.

மயிலத்தில் ஒரு கிழவர் ஏறினார். அவருக்கு இடம் கொடுப்பதுபோல் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டாள். எதிரே இரண்டு சீட்டு காலி. விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தாள், அந்தக் காலோடு.