கைப்பிடி இன்னும் இடது பக்கம்தான்

என் அன்புக் காதர் அண்ணாச்சிக்கு,

நீர் உயிரோடு இருந்த காலம் முழுக்க உம்மை 'வே காதர்' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர் என்பதை நீர் வாரம் தவறாமல் நினைவுபடுத்தியும் நான் திருந்தவில்லை. இப்போது அண்ணாச்சி என்று எழுதுகிறேன். நம் ஊரில் ஒரு மனிதனுக்கு முழு மரியாதை கிடைக்க அவன் இறந்துபோனால் போதும். வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை.

இந்தக் கடிதத்தை அனுப்ப முகவரி தெரியவில்லை. மேலப்பாளையம் தபால்காரர் கெட்டிக்காரர்தான், ஆனாலும் அவரை அவ்வளவு தூரம் அலையவிடக் கூடாது. அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊரே படிக்கட்டும். நாம் பேசியதை எப்போதும் ஆற்றங்கரையே கேட்டுக்கொண்டுதானே இருந்தது? உமக்குப் பையப் பேச எங்கே தெரியும்?

விஷயத்துக்கு வருகிறேன். நம் தூண்டில் ரீல் என்னிடம் வந்துவிட்டது. நீர் போனபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடிந்ததும், உம் வீட்டு மதினி ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். அந்தப் பழைய பால்பவுடர் டப்பாவை என் கையில் கொடுத்து, "நீங்களே வச்சுக்கிடுங்க தம்பி. இங்கன கெடந்தா துருப்பிடிச்சுப் போவும்" என்றார்கள். அங்கேயே மூடியைத் திறந்து பார்த்தேன். கைப்பிடி இடது பக்கம் இருந்தது.

பார்த்துவிட்டு மூடினேன். வீட்டில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தேன். அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆற்றுப் பக்கம் போகவில்லை. கைப்பிடியை மாற்றுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. நீதிமன்றத்தில் அடுத்தவன் வீட்டுச் சுவரை இடிக்கலாமா கூடாதா என்று தயங்காமல் வாதாடுகிறவன், ஒரே ஒரு திருகைக் கழற்ற யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்களும் படிப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. உமக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளும்.

குவைத்தில் சண்டை வந்து எல்லாரும் உடுத்திய துணியோடு ஓடிவந்தபோது, கெட்டிக்காரர்கள் இடுப்பில் தங்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நீர் ஒரு பால்பவுடர் டப்பாவோடு வந்தீர். உள்ளே மீன்பிடிக்கிற ரீல். "சம்பாதிச்சதெல்லாம் அங்கன விட்டுட்டு இந்த ராட்டைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்திருக்காவ" என்று மதினி தெருவுக்கே சொன்னார்கள். தெரு அதை ஒரு வாரம் வைத்துச் சிரித்தது.

தூண்டில் கம்புக்கு அடியில் தொங்கும் சின்ன ராட்டை அது. கைப்பிடியைச் சுற்றினால் தங்கூசி என்கிற நைலான் நரம்பு உள்ளே வந்து சேரும், நரம்போடு மீனும் வரும். நல்ல கம்பு வாங்க வழியில்லாததால் மூங்கிலைச் சீவி, சைக்கிள் சக்கரக் கம்பியை வளைத்து வளையம் கட்டினோம். ராட்டையின் கைப்பிடியை ஒரு திருகைக் கழற்றி இடது பக்கமோ வலது பக்கமோ மாட்டிக்கொள்ளலாம். செய்த ஜப்பான்காரன் தாராள மனசுக்காரன். அவனுக்கு நம் இரண்டு பேரையும் தெரியாது.

முதல் நாள் அதை என்னிடம் கொடுத்தீர். கைப்பிடி இடது பக்கம் இருந்தது. இடது கையால் மங்கல காரியம் செய்வதில்லை என்று வளர்க்கப்பட்டவன் நான். எனவே கம்பையே புரட்டினேன். ராட்டை மேலே வந்தது, கைப்பிடி வலது பக்கம் வந்தது, எல்லாம் முறையாக இருப்பதாகப் பட்டது. பின்னோக்கிச் சுற்றினால்தான் நரம்பு உள்ளே வந்தது. அதுதான் ஜப்பான் வழக்கம் போலிருக்கிறது என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். நீர் மணலில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க மாட்டாமல், "வே வக்கீலே, ராட்டை தலைகீழாக் கெடக்கு. ஒண்ணு அதைத் திருப்பும், இல்ல நீரும் தலைகீழா நில்லும்" என்றீர்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு. உம் கட்சி: எறிகிற வலது கையிலேயே கம்பு இருக்கட்டும், இடது கை சும்மா சுற்றட்டும். கடற்கரையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் சொல்லிக்கொடுத்தான் என்றீர். என் கட்சி: கிணற்று ராட்டினம் முதல் தையல் மெஷின் வரை சுற்றுகிற எதையும் நாம் வலது கையால்தான் சுற்றுகிறோம், எறிந்தபின் கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்?

"அந்தக் கை மாத்துத நேரத்துலதான் வே மீனு போவுது!"

"போனால் போகட்டும். இடது கையால் பிடித்த மீனை மனுசன் திங்கலாமா?"

"நீரு சைவம். உமக்கென்ன வே அந்தக் கவலை? திங்கப் போறவன் நானு. மீனு கெடக்கது கம்புல. கம்பு கெடக்கது சோத்துக் கையில. எடது கை என்ன செஞ்சுது? சும்மா கூலிக்குச் சுத்துது."

மீனைப் பிடிப்பது கம்பு பிடித்த கையா, சுற்றுகிற கையா என்ற இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் எந்தக் கையால் சிப்பியை எடுத்தார்கள் என்றுகூட ஒருமுறை விவாதித்தோம். மூச்சுப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் வாரியிருப்பார்கள் என்று நீர் முடித்தீர்.

ஒரே ராட்டை, இரண்டு கட்சி. அதனால் முறை வைத்தோம். உம் முறைக்குக் கைப்பிடி இடது பக்கம், என் முறைக்கு வலது பக்கம். ஒரு மீன் கரைக்கு வந்தால்தான் முறை மாறும். மீன் வராவிட்டால் முறையும் மாறாது, அடுத்த வாரமும் அதே ஆளுக்குத்தான். நம் இரண்டு பேருக்கிடையில் எழுதாமல் இருந்து மீறப்படாத ஒரே சட்டம் அது. எழுதிய சட்டங்களின் கதியைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன்.

நாம் கடைசியாகச் சீவலப்பேரி ஆற்றுக்குப் போன ஞாயிறு உம் முறை. காலையிலிருந்து ஒரு கெண்டைக் குஞ்சுகூட மாட்டவில்லை. "அடுத்த வாரமும் எனக்குத்தான், பஸ்ஸுல சண்டை போடப்படாது" என்று சொல்லி டப்பாவை மூடினீர். அந்த வாரம் நடுவிலேயே, உம் கைலிக் கடையில் துணியை மடித்துக்கொண்டிருந்தபடியே, மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர் என்று தகவல் வந்தது.

ஆகவே இப்போதும் உம் முறைதான். பிரச்சினை அதுதான். வலது பக்கம் மாற்றினால் முறை மீறல். மாற்றாவிட்டால் எனக்குச் சுற்றத் தெரியாது. எதிர்க்கட்சி ஆஜராகவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம், தினமும் வாங்குகிறேன். ஆனால் வலது பக்கம் மாற்றினால், திரும்ப இடது பக்கம் மாற்று என்று கத்த ஆள் இல்லையே? எத்தனை சீக்கிரம் அதை மறப்பேன் என்பது எனக்கே தெரியும். மறந்துவிட்டால் அது வெறும் என்னுடைய ரீல் ஆகிவிடும்.

போன ஞாயிறு கிளம்பிவிட்டேன். கைப்பிடியைத் தொடவில்லை. உம் முறையை முடித்துவைக்க உம் சார்பில் நானே ஆஜராவது என்று முடிவு. பஸ்ஸில் ஜன்னலோர இடம் சண்டையில்லாமல் கிடைத்தது. சண்டையில்லாமல் கிடைத்தால் அதில் ஒன்றுமே இல்லை அண்ணாச்சி. வெயில் அடிக்கும் பக்கமாக இருந்தது.

ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் லாரிகள் நாம் உட்காரும் திட்டுவரை வந்துவிட்டன. மணலை அள்ளியபின் ஆறு என்று எதைச் சொல்வார்களோ தெரியவில்லை, பெயர் மாத்திரம் நிச்சயம் இருக்கும். நம் மருதமரத்தடி அப்படியே இருக்கிறது. எருமைகளைக் குளிப்பாட்ட வரும் சுடலை இருந்தான். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான்.

"அண்ணாச்சி, எங்கன ரொம்ப நாளாக் காணும்? பாய் வரலியா?"

"வரலைலே."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்வது என் தொழில். ஆனால் இதற்குக் கட்டணம் வாங்கவில்லை. சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவன் எருமைகளை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அப்போது எனக்கு யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று இருந்தது. இரண்டு நிமிஷம் கழித்து, உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது. அதற்குள் அவன் எருமையின் முதுகைத் தேய்க்கப் போய்விட்டான்.

புழுவைக் கோத்து எறிந்தேன். என் வலது கை பழக்கதோஷத்தில் கம்பை இடது கைக்குக் கொடுக்கப் போனது. இடது கை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றது. இரண்டையும் அதட்டி அதனதன் இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. இடது கை முதலில் பின்பக்கமாகச் சுற்றப் பார்த்தது, பிறகு கைப்பிடியையே தேடியது. ராட்டை வயிற்றில் இடித்தது. சுடலை வேடிக்கை பார்த்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, எடது கையால சுத்துதிய! பாய்ட்டத் தோத்துட்டியளா?"

"தோக்கலைலே. அவரு முறை. அவருக்குப் பதிலா நான் நிக்கேன்."

"அப்போ மாட்டுன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவன் எருமையோடு பேச ஆரம்பித்தான்.

மாட்டியது. வெயில் ஏறி, போய்விடலாம் என்று எழுந்தபோது கம்பு நுனி வளைந்தது. நல்ல விரால். நான் எப்போதும் கம்பை இடது கையில் பிடித்தவன். மீன் இழுப்பது எனக்கு மூட்டை இழுப்பதுபோல, ஒரு பாரம், அவ்வளவுதான். இந்தமுறை வலது கையில் இருந்தது. அது வேறு அண்ணாச்சி. தலையை ஆட்டுவது தெரிகிறது. பாறைப் பக்கம் போகப் பார்ப்பது தெரிகிறது. கொஞ்சம் நின்று யோசிப்பதுகூடத் தெரிகிறது. "விவரமுள்ள கை கம்புல இருக்கணும் வே, சுத்துததுக்கு என்ன விவரம் வேணும்?" என்று நீர் சொன்னதை, வாதத்தில் தோற்கிறவன் அடிக்கும் வசனம் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்தேன். உமக்கு மட்டும் இதெல்லாம் தெரிந்துகொண்டிருந்ததா? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே?

இதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீனைக் கரையில் போட்டபின் நான் திரும்பிப் பார்த்தேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். உம்மிடம் சொல்லத்தான். மருதமரமும் நம் பையும் இருந்தன.

சைவ வீட்டுக்கு விராலைக் கொண்டுபோக முடியாது. தாமரை இலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி நேராக மேலப்பாளையம் போனேன். பஸ்ஸில் எல்லாரும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

மதினி வாசலுக்கு வந்தார்கள். இலையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. இத்தனை வருசத்துல நீங்க புடிச்ச மீனு ஒண்ணுகூட இந்த வீட்டுக்கு வந்ததில்ல."

எனக்குப் புரியவில்லை. பிடித்ததையெல்லாம் உம் பையில்தானே போட்டேன்?

"கொண்டாந்ததெல்லாம் நான் புடிச்சதுதான்னு சொல்லுவாவ. வக்கீலுக்கு ஒண்ணும் மாட்டலை, பாவம்னு சொல்லுவாவ. நானும் நம்புன மாதிரியே ஆணம் காய்ச்சிச் சோத்துல ஊத்துவேன்."

காதர், உம்மை என்ன செய்தால் தகும்? என் வாழ்நாள் மீன் முழுவதையும் உம் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விட்டீர். மேல்முறையீடும் செய்ய முடியாத இடத்துக்கு.

மதினி மீனைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள். "நெசமாச் சொல்லுங்க. இது யாரு புடிச்சது?"

"அவரு முறை மதினி" என்றேன். "அவரு புடிச்சதுதான்."

அவர்கள் மீனோடு உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கொல்லையில் விராலைக் கல்லில் போட்டு உரசும் சத்தம் கேட்டது. நீர் போனபின் அந்த வீட்டில் மீன் வாங்கவே இல்லை என்று வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் திருகைக் கழற்றினேன். கைப்பிடியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வலது பக்கம் மாட்டினேன். இப்போது என் முறை. எனக்கு ஒரு மீன் மாட்டிய உடனே, கரையிலேயே உட்கார்ந்து, யாரும் கத்தாமலே இடது பக்கம் மாற்றிவிடுவேன். அடுத்தது உமக்கு. வேண்டுமென்றே மாட்டாமல் இழுத்தடிக்க மாட்டேன். என் முறையில் மாட்டுவதை உம் வீட்டிலேயே கொடுத்து, இது நான் பிடித்தது என்று மதினியிடம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். உம் முறையில் மாட்டுவதை உம் பெயரிலேயே சொல்வேன். கை உள்ளவரை இந்த வழக்கை முடிக்க விடமாட்டேன் அண்ணாச்சி, இது சத்தியம்.

இப்படிக்கு,
உம் வீட்டு மீனைத் திங்காத தம்பி,
வக்கீல் சிவசங்கரன்