எர்த் குழிமேல் டைல்ஸ்

11-8-2011, வியாழன்

என் எர்த் குழியை மச்சான் குமரேசன் டைல்ஸ் போட்டு மூடிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் மெஸ்ஸுக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வாங்க, கிரைண்டர், ஃப்ரீசர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் நானே லோடு கணக்குப் போட்டு, கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்க நானே வெட்டி, கரியும் உப்பும் கொட்டிய குழி. நாளை மின்வாரிய அதிகாரி அதைப் பார்த்தால்தான் இணைப்பு.

"இன்னா மாமா, மேல டைல்ஸ் போட்டா கரண்ட்டு கோச்சுக்குமா? சாப்புட வர்ற பசங்க தடுக்கி வுழறாங்க" என்கிறான்.

"குழிக்குத் தண்ணி ஊத்தணும்டா. அது காஞ்சா, கிரைண்டர தொடுற உங்கக்காவுக்குத்தான் ஷாக்கு."

குழி எந்தக் கல்லுக்குக் கீழே என்று இருவரும் தேட ஆரம்பித்தோம். சாம்பார்க் கரண்டியால் நான் தட்டிய கல்லுக்குக் கீழே குழி இல்லை. அவன் தரையை மாற்றிவிட்டான், என் தப்பில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷிப்டு பையன்கள் எழுந்து வந்துவிட்டார்கள். திருநெல்வேலிக்காரன் ஒருவன் எச்சில் கையோடு தரையில் காது வைத்து, "அண்ணாச்சி, இங்கன தட்டுங்க. வெறும் பானை கணக்கா கேக்கு" என்றான். குழி அங்கேதான். என் மனைவி கமலா சிரித்துக்கொண்டே நின்றதில் ரசம் பொங்கிவிட்டது.

காலை டிபனுக்கு முன் குமரேசன் அந்தக் கல்லைத் தன் கையாலேயே உடைக்க வேண்டும். இரும்பு மூடியும் அவனே போட வேண்டும். கமலா குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவனைத் திட்டுவது என் வேலை. அதிகாரி திட்டினால், டைல்ஸ் போடச் சொன்னதே நான்தான் என்று நான் சொல்ல வேண்டும்.