காய்ச்சல் என்று நான் சொன்ன பொய்

என் கிருபாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் பேசினேன். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு. மிஷனரி ஞாயிறுக்குப் பேச ஆளில்லை என்று புதுப் போதகர் துவாரகாவில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "முன்னே நீங்க பேசினா சபையே அழுமாமே, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். தொண்டை கெட்டுவிட்டது என்ற பழைய பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீயும் இல்லாத வீட்டில் அதைச் சொல்ல நா வரவில்லை. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கட்டும். அவர்கள் முன்னால் செய்த தப்பு இது. தனியாக உன்னிடம் மட்டும் அழுது தீர்த்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

நாம் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களில், மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஆபீசில் ஃபைல் தள்ளுகிற குமாஸ்தாவுக்கு அன்று மட்டும் ஒரு கம்பீரம் வந்துவிடும். அச்சு எந்திரத்தோடு கப்பலேறி வந்த மிஷனரியைப் பற்றிப் பேசுவேன். பெற்ற மூன்று பிள்ளைகளையும் இந்த மண்ணில் புதைத்துவிட்டு ஊர் திரும்பாமல் இருந்தவரைப் பற்றிப் பேசுவேன். எல்லாவற்றிலும் பேர்போனது நம் சொந்த ஊர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்த அந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவின் கதை. வாந்திபேதியில் ஊரே காலியானபோது ஒற்றை மாட்டுவண்டியில் உள்ளே போனவர். அதைச் சொல்லி முடித்து, "நாமாக இருந்தால் போயிருப்போமா?" என்று கேட்டு நிறுத்துவேன். கைக்குட்டைகள் வெளியே வரும். நீ மட்டும் குனிந்தே இருப்பாய். உனக்குப் பெருமை என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்த செப்டம்பர் வந்தது. சூரத்தில் பிளேக் என்றார்கள். நாலே நாளில் டெல்லியிலும் சந்தேகக் கேஸ்கள். மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோனது. பஸ்ஸில் ஒருவர் இருமினால் மொத்தக் கூட்டமும் மறுபக்கம் சாய்ந்தது. ஜெமியின் ஸ்கூலை மூடிவிட்டார்கள். நீ நர்சாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தனி வார்டு திறந்திருக்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து உனக்கு அங்கே டியூட்டி என்று சனிக்கிழமை வந்து சொன்னாய். காய்கறி வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாய்.

ஞாயிறு சாயங்காலம் நான் கத்திய கத்தல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

"உனக்கு எட்டு வயசுல ஒரு பிள்ள இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"லீவு போடு. பாதிப்பேர் போட்டுட்டு ஊருக்கு ஓடிட்டாங்கன்னு நீதான சொன்ன?"

"அதனாலதான் நான் போவணும்."

"கிறுக்கா உனக்கு?"

"அந்த டாக்டரம்மா போவலன்னா, நீங்க அவுக கதையச் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாய். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். நான் எழுந்து போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பால் வாங்கக் கிளம்புகிற சாக்கில் மார்க்கெட் பி.சி.ஓ.வுக்குப் போனேன். உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நர்சிங் சூப்பரின்டென்டென்டைக் கேட்டு வாங்கி, நேற்றிலிருந்து உனக்குக் காய்ச்சல், வர முடியாது என்றேன். அந்த அம்மா, "காங்சி பி ஹை?" என்று கேட்டார். இருமல் உண்டா என்றதும், பொய்க்கு வலு சேரட்டும் என்று, ஆமாம் என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. விலாசம் கேட்டார், சொன்னேன். யாரும் வெளியே போகக் கூடாது என்று ஏதோ சொல்லும்போதே லைன் அறுந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, டியூட்டி மாறியிருக்கிறது, இன்றைக்கு வர வேண்டாமாம் என்று உன்னிடம் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். நீ யூனிஃபார்ம் போட்டு, தலைவாரி முடித்திருந்தாய். "யார் சொன்னா?" என்றாய். பி.சி.ஓ.வில் இருந்து கேட்டேன் என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாய். யூனிஃபார்மை மாற்றவில்லை. ஒன்றரை மணி நேரம் நாம் மூன்று பேரும் அந்த ஒரே அறையில் இருந்தோம். ஜெமி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வரியையும் படிக்காமல் இருந்தேன்.

கீழே வண்டி வந்து நின்றது. ஜன்னலில் ஓடிப்போய்ப் பார்த்த ஜெமி, "பப்பா, மாஸ்க் போட்ட அங்கிள்ங்க மேலே வர்றாங்க," என்றாள்.

கதவைத் திறந்தபோது இரண்டு ஆட்கள், ஒரு லேடி டாக்டர். கண் மட்டும்தான் தெரிந்தது. "பேஷண்ட் கஹான் ஹை?" என்றார் டாக்டர், நோயாளி எங்கே என்று. காய்ச்சல் எப்போதிலிருந்து, சளியில் ரத்தம் உண்டா, வீட்டில் எத்தனை பேர் என்று கேள்வி மேல் கேள்வி. நீ எழுந்து நின்றாய். முதலில் அவர்களைப் பார்த்தாய். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு குழந்தை தவறி விழுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாய்.

தெர்மாமீட்டர் வைத்தார்கள். காய்ச்சல் இல்லை. "பின்னே போன் பண்ணது யாரு?" என்று இந்தியில் அதட்டினார் டாக்டர். ஒரே வார்த்தை, "நான்தான்". அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

நீ இந்தியில் சொன்னாய்: "யார் போன் பண்ணாங்கங்கறது அப்புறம் இருக்கட்டும் டாக்டர். இந்த வண்டி அந்த வார்டுக்குத்தானே போகுது? நானும் அங்கதான் போகணும். டியூட்டிக்கு ஏற்கெனவே லேட்டு."

எனக்காக நீ பொய் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு, ஜெமியைத் தொடாமல், தள்ளி நின்றே, "மம்மி டியூட்டிக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாய். ஜெமி வீறிட்டாள். எதிர் பிளாக்கில் எல்லா ஜன்னலிலும் முகங்கள். முகமூடி ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவில் நீ வண்டியில் ஏறுவதை எல்லாரும் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் அத்தனை ஜன்னல்களும் சாத்தப்பட்டன.

அந்த வார்டு நர்சுகளை வீட்டுக்கு விடவில்லை. நீ இல்லாத அடுத்த ஒன்பது நாளை நான் எப்படிச் சொல்ல? "ஊப்பர் ஹீ ரஹியே!" என்று கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் இருந்தே கத்தினார். இறங்கி வரவே கூடாதாம். பால் பூத்தில் என்னைக் கண்டதும் வரிசை கலைந்தது. நம் வீட்டில் பிளேக் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, இருக்கிறது என்றே உறுதியானது. பொய்யை ஒரே மூச்சில் நம்பிய ஊர், உண்மையை நம்ப மறுத்தது. மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு பால் பாக்கெட்டும் ரொட்டியும் இருந்தன. வைத்தது அந்தக் கீழ்வீட்டு அம்மாதான். பயந்துகொண்டேதான் வைத்திருப்பார்.

அந்த நாட்களில்தான் டாக்டரம்மா தன் ஊருக்கு எழுதிய கடிதங்களின் பழைய தமிழ்ப் பதிப்பை எடுத்தேன். பேச்சுக்குக் குறிப்பெடுக்க இல்லை. வேறு யாரிடம் போய்ப் பேச? வாந்திபேதிப் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றி என் பென்சிலால் கட்டம் போட்டிருந்தது. பேச்சில் விட்டுவிட வேண்டியது என்று எனக்கு நானே வைத்த அடையாளம். செய்தி வந்த பிறகும் அந்த அம்மா இரண்டு நாள் பங்களாக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறார். போக முடியவில்லை, பயமாயிருக்கிறது, அக்கா பக்கத்தில் வேண்டும் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள்தான் வண்டி. கதைக்கு இடைஞ்சல் என்று அந்த இரண்டு நாளை நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஜெமியை ஆபீஸ் நண்பர் வீட்டில் கெஞ்சி விட்டுவிட்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தேன். காவலாளி பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். நீ அந்தப் பக்கம் வந்து நின்றாய். முகமூடிப் பட்டை அழுத்திக் கன்னத்தில் தடம்.

"சூப்பரின்டென்டென்ட் அம்மாகிட்ட நான் வந்து உண்மையச் சொல்லிருதேன், கிருபா."

"சொல்லியாச்சு. உங்க பாவ அறிக்கையக் கேக்க இங்க யாருக்கும் நேரமில்ல." பிறகு சொன்னாய்: "அன்னைக்கு என் பேரை அடிச்சிட்டாக, டெஸ்ட் முடியுற வரைக்கும் என்னை வார்டுக்குள்ள விடல. எனக்குப் பதிலா சாராம்மா பதினாறு மணி நேரம் நின்னுருக்கா. அதத் தெரிஞ்சுக்கோங்க."

தலைகுனிந்தேன். அப்புறம் அந்தக் கட்டம் போட்ட பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே வந்து, சட்டென்று அழ ஆரம்பித்தாய். வண்டி வந்தபோது அழாதவள்.

"இத ஏங்க மறைச்சீங்க? ஒவ்வொரு தடவ நீங்க அந்தக் கதையச் சொல்லும்போதும், பயமே இல்லாதவுகளத்தான் கர்த்தர் கூப்பிடுவாரு போலன்னு என்னையே நான் வெறுத்திருக்கேன். ஞாயித்துக்கிழம நீங்க கத்தினீங்களே, உள்ளுக்குள்ள நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் பலமாத் தடுங்க, நான் நின்னுருதேன்னு நெனச்சேன்."

காவலாளி கையசைத்துவிட்டார். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய்.

பத்தாம் நாள் திரும்பி வந்தாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்த அளவுக்கு நகரத்திலும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு அன்றைய போதகர் நம் இருவரையும் முன்னால் அழைத்தார். மிஷனரிகளைப் பற்றிப் பேசுவதோடு நிற்காமல், மனைவியையே கொள்ளைநோய்க்கு நடுவில் அனுப்பிக் கொடுத்த விசுவாசி என்று என்னைச் சொன்னார். சபை கைதட்டியது. நான் நின்றேன். கைகூப்பினேன். கிருபா, நான் கைகூப்பினேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க," என்றாய். எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் தோன்றியது. சொல்லவில்லை, அதனால் பேசவும் முடியவில்லை. போன வருஷம் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது கேட்டாய்: "நான் போன பிறகு சொன்னா, நான் எப்படிங்க கேப்பேன்?" அப்போதும் ஏன் சபையில் போய்ச் சொல்லாமல் இருந்தேன்? இன்னும் விளங்கவில்லை எனக்கு.

போன ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னேன். பி.சி.ஓ., இருமல், சாராம்மா, கைகூப்பினது, எல்லாம். யாரும் அழவில்லை. பாதியிலேயே மூன்றாவது வரிசையில் இருந்த ஜெமி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று தெரியும்.

ஆராதனை முடிந்து நான் வந்தபோது ஜெமி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"பப்பா, ஸ்கூல்ல எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? மம்மிய போலீஸ் மாதிரி புடிச்சிட்டுப் போனாங்கன்னு. மம்மி டியூட்டிக்குன்னுதான் சொன்னாங்க, ஆனா நான் நம்பல. இன்னிக்கு வரைக்கும் கனவுல அதே வண்டி வருது. மம்மி தானாவா ஏறினாங்க?"

"தானாத்தான் ஏறினா."

"யூனிஃபார்ம்லயா? எனக்கு அந்த மாஸ்க் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"ஆமா, ஜெமி. உடுத்தி ரெடியா உக்காந்திருந்தா."

"முஜே பதாயா க்யோன் நஹீன்?" என்று கத்தினாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. பஸ் வந்து போய்விட்டது. என் பொய் அவள் தூக்கத்திலும் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அறிந்தேன். அவள் கனவு உனக்குத் தெரிந்திருந்ததா? ஜெமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று காலையில் டீ போட்டு என் முன்னால் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. அவள் நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் என்னை விட்டு விலகிப் போனபோது ஒரு பெண் மட்டும் நின்றாள். சிவகாசிப் பக்கம், டெல்லிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, நர்ஸ். காசநோய் வார்டில் போட்டிருக்கிறார்களாம். "வேலையே வேண்டாம், வந்திரு" என்று அம்மா போனில் அழுகிறாளாம். "அங்கிள், அந்த டாக்டரம்மா ரெண்டு நாள் கதவப் பூட்டிக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே, அது நெசந்தானா?" என்று கேட்டாள். நிஜம் என்றேன். "அப்ப எனக்கு இப்படி பயமா இருக்கறது தப்பில்லையா?" தப்பில்லை என்றேன். இதைவிடப் பெரிய பிரசங்கம் எதுவும் எனக்கு வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை அவளுக்கு அந்த வார்டில் முதல் நாள். இந்தி வராது, வழி தெரியாது. மெட்ரோவில் ஏறி, அப்புறம் பஸ் மாற வேண்டும். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், கிருபா: அன்றைக்கு அவளோடு வார்டு வாசல் வரை நான் போவேன். எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. அதை அவளிடம் மறைக்கவும் மாட்டேன்.

உன்னைத் தடுத்தவனும், இன்றைக்கும் உன் புருஷனுமாகிய
ஜெபராஜ்