தும்மலில் நொறுங்கிய முதுகெலும்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள், அம்மா, தம்பி மூவரும் சுகமா? போன வாரம் கிடங்கில் நின்றபடி தும்மினேன், முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கிவிட்டது. பயப்படாதீர்கள், நடக்கிறேன். மேற்பார்வையாளர் சிரித்தார்: "தும்மினதுக்கெல்லாம் லீவா? மூட்டை தூக்கும்போது உடைஞ்சிருந்தாலாவது பேசலாம்." ஆறு வருடம் தூக்கிய மூட்டைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

முதுகுத்தண்டு வாதம் பல வருடமாக எலும்பை உள்ளே அரித்திருக்கிறது என்றார் டாக்டர். இருபத்தேழு வயதில் எழுபது வயது எலும்பாம். காலையில் எழ முடியாமல் கிடந்தவனைச் சோம்பேறி என்று தண்ணீர் ஊற்றி எழுப்பினீர்களே, அப்போதே ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தட்டையான தலையணை ஒன்று அனுப்புங்கள். இந்த வாதம் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாமாம்; தம்பிக்கும் விடிந்ததும் முதுகு விறைக்கிறதா என்று கேளுங்கள். கிடங்கில் என் இடத்துக்கு அவனைக் கேட்கிறார்கள். அனுப்பிவிடாதீர்கள்.

உட்கார முடியவில்லை, நிறுத்துகிறேன்.

உங்கள் மூத்தவன்