இடது இறக்கை

அன்புள்ள அப்பாவுக்கு,

தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் கிடந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். அம்மா துணியில் கோடு போடும் சாக்பீஸின் தூள் வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கும். இது அது இல்லை. விரலால் தொட்டேன். கடையில் மூக்குக்கண்ணாடி லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும்போது வரும் தூள் மாதிரி நறநறவென்று இருந்தது. பிளாஸ்டிக்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்பீர்கள், நான் ‘ம்’ என்பேன், பிறகு நீங்கள் ‘சரிம்மா, வெச்சிடறேன்’ என்பீர்கள். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் இருந்தேன். வாய் திறக்காதவளுக்கு ஒன்றும் தெரியாது என்று டீச்சர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எழுதினால் எனக்கு வரும்.

இங்கே இருவரும் நலம். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. கதவின் கீழ்த் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது, மேல்தாழ்ப்பாளை மட்டும் போட்டுக்கொள்கிறோம். நீங்கள் லீவில் வருவதை அம்மாவிடம் சொன்னேன். ‘சரி’ என்றாள். அவளுக்கு இப்போது எல்லாமே ‘சரி’தான். சாப்பிடு என்றாலும் சரி, கரண்ட் போய்விட்டது என்றாலும் சரி.

கடையில் வேலை பழகிவிட்டது. பின்அறையில்தான் உட்காருகிறேன். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தால் போதும், வருகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை. முதலாளி நல்லவர். இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் மூக்கிலிருந்து தனித்தனியாகத்தான் அளவெடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ‘மூக்கு நட்ட நடுவுல இருக்கற ஆள இந்த முப்பது வருஷத்துல நான் பாத்ததில்லம்மா, என் மாமனார் உட்பட’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை அப்பா. மாடிவீட்டு அத்தை யாரிடமோ, ‘கூடப் பொறந்தவன் போயிட்டான், இவ கல்லு மாதிரி இருக்கா பாரேன்’ என்று சொன்னது காதில் விழுந்தது. கல் மாதிரி இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அந்த மாதிரி. தொட்டால் தொடுவது தெரிகிறது, மற்றது தெரியவில்லை. கன்னம் நம்முடையதுதானா என்று கையால் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். அண்ணனின் சட்டைகளைக்கூட மடித்து வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இனி அண்ணனின் பொம்மை விமானத்தைப் பற்றி.

நீங்கள் வைத்துவிட்டுப் போன இடத்தில், பிரிட்ஜின் மேலேயே, பிளாஸ்டிக் உறை மூடி இருந்தது. அண்ணன் ஒட்டி முடித்தது, நீங்கள் அடித்த மணல் நிறம், அவ்வளவுதான். ‘இறக்கை மேல வர்ற பச்சை வளையம் நான் வந்துதான் போடுவேன், யாரும் கை வைக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாங்கள் கை வைக்கவில்லை. துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைப்பேன். விமானத்தைத் தொடக் கூடாது என்றீர்களே தவிர, பெயிண்டைக் காற்றில் தெளிக்கும் உங்கள் ஏர்பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் அதை எடுத்து வளையம் போட்டுப் பழகினேன். புது ஃபிரேமோடு வரும் டம்மி லென்ஸ்களைக் கடையில் கழற்றித் தூக்கிப் போடுவார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அவற்றின் மேல்தான் அடித்தேன். முதலில் எல்லாம் சிலந்திக்கால் மாதிரி ஓடியது. பெயிண்டைப் பால் பதத்துக்கு இளக்கி, காற்றைக் குறைத்து, முனையைக் கிட்டத்தில் பிடித்தால் வளையமாக விழுகிறது. ஜன்னலில் காய வைத்திருந்ததை மாடிவீட்டு அத்தை பார்த்துவிட்டு, ‘என்னடி இது, கண்ணாடிக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு?’ என்று கேட்டார். நீங்கள் வந்தால் கூடமாட உதவியாக இருக்கும் என்றுதான் பழகினேன்.

இந்த விமானத்துக்கு இடது இறக்கை நீளம் என்பது அண்ணனையும் சேர்த்து நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கு நினைவிருக்கும், அண்ணன் இரண்டு இறக்கையையும் பொருத்திக் காட்டிய அன்று நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்தீர்கள். ‘என்னடா, காசு வாங்கிக்கிட்டுக் கோணல் மாணலா அனுப்பியிருக்கான்’ என்று உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டீர்கள். அவன் மேசையைத் தாண்டிக் குதித்து உங்கள் கையைப் பிடித்தான். ‘ஐயோ அப்பா! அது அப்படித்தான்! நெஜ விமானத்தையே இத்தாலிக்காரன் வேணும்னேதான் அப்படிப் பண்ணியிருக்கான்’ என்று கத்தினான். மூக்கில் இருக்கும் விசிறி, அவன் பாஷையில் பங்கா, ஒரு பக்கமாகச் சுற்றும்போது விமானம் இடது பக்கம் சாயப் பார்க்குமாம். அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கத்தான் இடது இறக்கையை ஒரு சாண் அளவு நீளமாக வைத்தார்களாம். நம் பொம்மையில் அது நான்கு மில்லிமீட்டர். நீங்கள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, ‘படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்றீர்கள். அம்மா அப்போது வீட்டில் இல்லை. துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள்.

போன வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது விமானம் பிரிட்ஜின் மேல் இல்லை. மெஷின் பலகையில் இருந்தது. உறை கழற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவின் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. அண்ணன் போனதிலிருந்து அதை அவள் கழுத்தில் நான் பார்க்கவில்லை. நகம் தேய்க்கும் அரம் கையில் இருந்தது. தூளைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் பார்த்தேன்.

‘வா. இங்க வந்து பாரு’ என்றாள். ‘ஒரு கை நீளமாப் போயிடுச்சு. நானும் ரொம்ப நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், என்னமோ கண்ண உறுத்துதேன்னு. இன்னிக்கு டேப்ப வெச்சுப் பாத்தா இடது கை நீளம்.’ இறக்கையை அவள் கை என்றுதான் சொன்னாள், சட்டைக்கைக்குச் சொல்வது போல.

நான் பார்த்தேன். அழகாகத் தேய்த்திருந்தாள். நுனியை வலது பக்கத்தைப் போலவே வளைத்துவிட்டிருந்தாள். பிசிறு இல்லை. அந்த இடத்தில் மட்டும் உங்கள் மணல் நிறம் போய்ச் சாம்பல் தெரிந்தது.

‘அவசரக்குடுக்கை’ என்றாள். ‘எதுலதான் அவனுக்கு நிதானம் இருந்துது? நின்ன எடத்துல நிக்க மாட்டான். அளவெடுக்காம வெட்டியிருப்பான்.’ அப்பா, அவள் அண்ணனைப் பற்றி வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. திட்டினாள். முன்பெல்லாம் அவனைத் திட்டுவாளே, அதே குரலில். பிறகு அரத்தைத் துடைத்துக்கொண்டே, ‘உங்கப்பா வந்து பாத்தா, புள்ள தப்பா செஞ்சு வெச்சிட்டுப் போயிட்டான்னு இருக்கக் கூடாதுல்ல’ என்றாள்.

சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ‘ரெண்டு பக்கமும் சரியா இருக்கா, சொல்லு’ என்று கேட்டாள். ‘சரியா இருக்கு’ என்றேன். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

அவள் தூளை ஊதினாள். அண்ணன் போனதிலிருந்து பாதியில் கிடந்த நர்ஸ் உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினாள். ஊசியில் நூல் கோத்தாள். மெஷினை மிதித்தாள். எண்ணெய் போடாமல் கிடந்ததால் முதலில் கீச்சென்றது, அப்புறம் ஓடியது. மாடிவீட்டு அத்தை பாதிப் படியில் நின்று, ‘ஏய், மெஷின் சத்தம் கேக்குது, யாரு வந்திருக்கா?’ என்று குரல் கொடுத்தார். ‘வேற யாரு, நான்தான்’ என்றாள் அம்மா. நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து தினமும் தைக்கிறாள். நர்ஸம்மா வந்து உடுப்பை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்தார். இப்போது புதுத் துணியும் வருகிறது. காலையில் உட்காரும் முன் அம்மா விமானத்தை எடுத்து, அதன் உடம்பிலிருந்து இடது இறக்கையின் நுனிவரை டேப்பை வைத்து ஒருமுறை அளப்பாள். அப்புறம் வலது பக்கம். கீழே வைத்துவிட்டு மெஷினில் உட்காருவாள்.

என்னால் அதைச் சரிசெய்ய முடியும் அப்பா. ஒரு துண்டு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, இடுக்கு தெரியாமல் மக்கு பூசி, லென்ஸ் தேய்ப்பது போலத் தேய்த்தால் பழைய நீளம் வந்துவிடும். ஒரு சாயங்கால வேலை. ஆனால் மறுநாள் காலையில் அவள் டேப்பை வைப்பாள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். அண்ணன் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னீர்கள். ‘மழை விட்டப்புறம் அனுப்பியிருக்கலாமே’ என்று. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நர்ஸம்மாவுக்குத் தைத்து முடித்த உடுப்புகளைப் பையில் போட்டு அவனிடம் கொடுத்தது அம்மாதான். ‘நாளைக்குக் குடுத்தா ஆகாதா’ என்று அவன் கேட்டதும், ‘வாக்குக் குடுத்துட்டேன், ஒரு எட்டு போயிட்டு வந்துடு’ என்று அவள் சொன்னதும் எனக்கும் கேட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். லாரிக்காரன் எப்படி வருவான் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நீங்கள் அதைச் சொன்ன பிறகு அம்மா உங்களிடம் ஒன்றும் பேசவில்லை. நீங்களும் பேசவில்லை. அடுத்த மாதமே தூரத்தில் பெரிய பெரிய டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை என்று கிளம்பிவிட்டீர்கள். பஸ் பாடி பட்டறை வேலை இங்கேயே இருந்தது. நான் கேட்கவில்லை.

இப்போது லீவில் வரப்போகிறீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விமானம் உங்கள் கண்ணில் படும். பஸ்ஸில் பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்திருந்தால் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுகிறவர் நீங்கள். இதைப் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள். பார்த்ததும் உங்கள் முகம் மாறும். அது அங்கேயே மாறட்டும் என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் டேங்குக்குப் பின்னால் போய் அழுதுவிடுங்கள். இங்கே வரும்போது உங்கள் பழைய முகத்தோடு வாருங்கள்.

உங்களிடமும் அம்மா கேட்பாள், ‘ரெண்டு பக்கமும் சரியா இருக்கா’ என்று. சரியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். பங்காவைப் பற்றியும் வேண்டாம், அண்ணன் சொன்னதைப் பற்றியும் வேண்டாம். என்றைக்காவது அவளே தெரிந்துகொண்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். நான் இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதுகூட ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்.

உயரத்தில் நின்று அடிக்கும்போது இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். மூக்கை மூடாமல் தின்னரைத் திறக்காதீர்கள். கூட இருப்பவர்கள் கேலி செய்தாலும் மூடிக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். வரும் நாளைச் சொன்னால் பஸ் நிலையத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதுகிறேன். தேய்த்த நுனி சாம்பலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. வளையம் நீங்கள் வந்துதான் போடுவதாகச் சொன்னீர்கள். ஆனாலும் நான் கை வைத்துவிட்டேன். நீங்கள் மீதி வைத்திருந்த மணல் நிறத்தை அந்த இடத்தில் அடித்துக் காயவிட்டேன். பிறகு பச்சையைக் கலந்து கம்ப்ரசரைப் போட்டேன். சத்தம் கேட்டு அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள், விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். உடம்பை ஒட்டி ஆரம்பித்து நுனி வரை இடது இறக்கை முழுக்க வளையம் போட்டேன். ஒன்றுகூட வழியவில்லை. ‘அந்தப் பக்கம்?’ என்று அம்மா கேட்டாள். ‘அது அப்பாவுக்கு’ என்றேன். வலது இறக்கைக்குக் காகிதம் சுற்றி, டேப் ஒட்டி, கம்ப்ரசரை நிறுத்தினேன்.